சாதா எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி: 55 இஞ்ச் டிவியில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஹாலுக்கு 55 இஞ்ச் டிவி என்று முடிவு செய்து கடைக்குப் போனால், அதே அளவில் முப்பதாயிரத்துக்கும் டிவி இருக்கிறது, ஒன்றரை லட்சத்துக்கும் இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் 4கே, ஹெச்டிஆர், டால்பி என்று போட்டிருக்கும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி படம் காட்டும் பேனலுக்கும் அதற்குப் பின்னால் எரியும் விளக்குக்கும் போகிறது. அந்த வித்தியாசம் உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். பகல் முழுக்கப் பால்கனிக் கதவு திறந்திருக்கும் ஹாலில் ஒன்றேகால் லட்ச ரூபாய் ஓஎல்இடி, எழுபதாயிரம் ரூபாய் மினி எல்இடியைவிட மங்கலாகத் தெரியலாம். இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கும் வீட்டில் கணக்கு அப்படியே மாறிவிடும்.

## வாங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

வெளிச்சம். நீங்கள் அதிகம் டிவி பார்க்கும் நேரத்தில் ஹால் எப்படி இருக்கிறது? டிவிக்கு எதிரே ஜன்னலோ கதவோ இருந்தால் திரையில் அதன் பிம்பம் விழும். எதிர்ச் சுவரில் ட்யூப்லைட் இருந்தால் இரவிலும் அதே தொல்லைதான். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். மலிவு டிவிகள் 250 முதல் 300 நிட்ஸ் வரை தரும். ஜன்னல் திரை போட்ட ஹாலுக்கு அது போதும், வெயில் நேராக வரும் ஹாலுக்குப் போதாது.

என்ன ஓடுகிறது, எவ்வளவு நேரம். காலையிலிருந்து செய்திச் சேனல், மதியம் சீரியல், மாலையில் கிரிக்கெட் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் ஓடும் வீடு ஒரு வகை. இரவு இரண்டு மணி நேரம் ஓடிடியில் படம் மட்டும் பார்க்கும் வீடு இன்னொரு வகை. இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே டிவியைப் பரிந்துரைக்க முடியாது.

யார் எங்கே உட்காருகிறார்கள். சோபாவில் இருவர், தரையில் பாய் விரித்து இருவர், சாப்பாட்டு மேஜையிலிருந்து எட்டிப் பார்ப்பவர் ஒருவர் என்பதுதான் பல வீடுகளின் நிலை. பத்தடி தூரத்தில், திரையின் நேர்கோட்டிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்தாலே பார்க்கும் கோணம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சில பேனல்களில் நிறம் வெளுக்கத் தொடங்குவது அங்கேதான்.

தூரம். 55 இஞ்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ. ஏழரை அடியிலிருந்து பார்த்தால் அது நம் பார்வையில் 30 டிகிரியை நிரப்பும். வீட்டில் படம் பார்க்க அது நல்ல அளவு. 43 இஞ்ச்சுக்கு ஆறடி, 65 இஞ்ச்சுக்கு ஒன்பதடி என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டடி தள்ளி உட்காருபவர் 42 இஞ்ச் ஓஎல்இடி தேடுவதைவிட 65 இஞ்ச் சாதாரண டிவி வாங்குவது நல்லது. படத்தின் தரத்தை முதலில் உணர வைப்பது அளவுதான்.

சிக்னல். சாதாரண எஸ்டி சேனலின் படத்தில் 720 x 576 பிக்சல்கள் (படப்புள்ளிகள்) தான் உண்டு. 4கே திரையில் இருப்பது 3840 x 2160. வந்து சேரும் ஒரு பிக்சலை டிவி இருபதாக நீட்ட வேண்டியிருக்கிறது. கேபிளில் எஸ்டி பேக் மட்டும் வைத்திருப்பவருக்கு எந்த விலை டிவியிலும் படம் மங்கலாகத்தான் தெரியும். டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த பணத்தில் ஹெச்டி பாக்ஸும் ஹெச்டி பேக்கும் போட்டால் பலன் அன்றைக்கே தெரியும்.

## அடிப்படையில் இரண்டே இரண்டு வகை

பெயர்கள் எத்தனை இருந்தாலும் கடையில் இருப்பவை இரண்டு குடும்பங்கள். சாதா எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி மூன்றும் எல்சிடி குடும்பம். எல்சிடி பேனலுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் எரியும் எல்இடி விளக்கை அது திறந்தும் மூடியும் படம் காட்டுகிறது. முழுதாக மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியும், அதனால்தான் இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரிகிறது. ஓஎல்இடி தனிக் குடும்பம். அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும், தானே அணையும்.

க்யூஎல்இடி, ஓஎல்இடி இரண்டையும் ஒரே வகை என்று நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வேறு. உள்ளே இருப்பதோ முற்றிலும் வேறு தொழில்நுட்பம்.

## சாதா எல்இடி

இதிலேயே இரண்டு பேனல்கள் உண்டு, பெட்டியில் எது என்று பெரும்பாலும் போட மாட்டார்கள். ஐபிஎஸ் பேனலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) மட்டும் ஏறக்குறைய 1000:1 அளவிலேயே நிற்கும், அதனால் இரவில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் 3000:1 முதல் 6000:1 வரை போகும், கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். பக்கவாட்டில் மட்டும் என்று இல்லை, மேலும் கீழும் அப்படித்தான். சுவரில் ஐந்தடி உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுத் தரையில் படுத்துப் பார்க்கும் வீட்டில் விஏ பேனல் வெளுத்துத் தெரிய இதுவே காரணம். மாட்டும்போது திரையின் மையம் தரையிலிருந்து மூன்றரை அடி அளவில் இருக்கட்டும்.

ஒரே மாடல் எண்ணில் ஒரு அளவுக்கு ஐபிஎஸும் வேறு அளவுக்கு விஏவும் வருவது சகஜம். 43 இஞ்ச்சைப் பார்த்துவிட்டு 55 இஞ்ச் ஆர்டர் செய்யாதீர்கள்.

இந்த வகையில் அதிகம் பழுதாகும் பாகம் பேக்லைட், அதாவது பின்விளக்கு. மலிவு டிவிகளில் எல்இடி விளக்குகள் பட்டைகளாக, வரிசை இணைப்பில் இருக்கும். கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் லைட்டைப் போல ஒரு விளக்கு போனால் அந்த வரிசையே அணையும், பல டிவிகளில் பாதுகாப்புச் சுற்று மொத்த பேக்லைட்டையும் அணைத்துவிடும். சத்தம் வரும், படம் வராது. இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது. ஊரிலுள்ள மெக்கானிக்கே சில ஆயிரம் ரூபாயில் சரிசெய்யக்கூடிய பழுது இது. போன ஒரு விளக்கை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மற்றவையும் அதே வயதுடையவை, சில மாதங்களில் வரிசையாகப் போகும். எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றுவதுதான் கணக்குக்குச் சரி. மாற்றிய பின், புது டிவியாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே, மெனுவில் பேக்லைட் அளவை 100-இலிருந்து 70 அல்லது 80-க்கு இறக்கி வைத்தால் ஆயுள் கூடும்.

ஒல்லியாக இருக்கிறது என்பதற்காக விளக்கை விளிம்பில் மட்டும் வைத்த மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விளிம்பில் சேரும் சூட்டில் உள்ளே இருக்கும் ஒளி பரப்பும் தாள்கள் நெளிந்து திரையில் திட்டுத் திட்டாக வெளிச்சம் வரும். டிவிகளைச் சோதித்து எழுதும் கனடாவின் ஆர்டிங்ஸ் இணையதளம் 2022-இல் தொடங்கி நூறு டிவிகளை வருடக்கணக்கில் ஓடவிட்ட ஆயுள் சோதனையில், விளிம்பு விளக்கு டிவிகளின் இந்தப் பலவீனம் பளிச்சென்று வெளிப்பட்டது.

படுக்கையறை, கடை, வயதானவர்கள் செய்தியும் சீரியலும் பார்க்கும் அறை, குழந்தைகள் பந்து விளையாடும் ஹால் ஆகிய இடங்களுக்குச் சாதா எல்இடியே சரி. ஹெச்டிஆர் (பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் முறை) என்று எழுதியிருப்பதற்கு இதில் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். 300 நிட்ஸ் திரை ஹெச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அந்த வெளிச்சத்தைக் காட்ட அதனால் முடியாது.

## க்யூஎல்இடி

சாதா எல்இடியில் வெள்ளை விளக்கு. இதில் நீல விளக்கின்மேல் குவான்டம் டாட் (ஒளியின் நிறத்தை மாற்றும் நுண்துகள்) பூசிய ஒரு தாள் சேர்க்கிறார்கள். சிவப்பும் பச்சையும் சுத்தமாகக் கிடைக்கும், நிறங்களின் வீச்சு கூடும். கறுப்பின் ஆழமோ பக்கவாட்டுத் தெளிவோ இந்தத் தாளால் கூடாது.

சாதா எல்இடியைவிட நான்கைந்தாயிரம் கூடுதல் என்றால் வாங்கலாம். பதினைந்தாயிரம் கூடுதல் என்றால் அந்தப் பணத்துக்குப் பின்விளக்கிலும் முன்னேற்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். லோக்கல் டிம்மிங் என்பது இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கைக் குறைப்பது; அப்படித் தனித்தனியாகக் குறைக்கக்கூடிய ஒவ்வொரு பகுதியும் ஒரு ஜோன். ‘லோக்கல் டிம்மிங் உண்டா, எத்தனை ஜோன்?’ என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் அது நிறத்தாள் போட்ட சாதா எல்இடிதான்.

## மினி எல்இடி

டிசிஎல் 2019-இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த வகை. பின்னால் பெரிய விளக்குகள் சில டஜன் இருந்த இடத்தில், மிகச் சிறிய விளக்குகள் ஆயிரக்கணக்கில் வைத்து, அவற்றை ஜோன்களாகப் பிரித்து, படத்தில் இருட்டு வரும் பகுதியில் மட்டும் விளக்கைக் குறைக்கிறார்கள். பெரும்பாலும் குவான்டம் டாட் தாளும் கூடவே வரும். பெட்டியில் ‘க்யூடி மினி எல்இடி’ என்று போடுவது அதனால்தான்.

நல்ல மாடல் 1000 நிட்ஸைத் தாண்டும். அதைவிட முக்கியம், முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போதும் வெளிச்சம் அதிகம் குறையாது. பகல் நேர கிரிக்கெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரை முழுக்கப் பச்சை மைதானம், வெள்ளைச் சீருடை, வெயில். இருட்டான மூலையே கிடையாது. இப்படிப்பட்ட படத்துக்கு வெளிச்சமான ஹாலில் மினி எல்இடிக்கு ஈடு இல்லை.

குறை ஜோன் கணக்கில் இருக்கிறது. 4கே திரையில் 83 லட்சம் பிக்சல்கள். 500 ஜோன் என்றால் ஒரு ஜோனுக்கு 16,500-க்கு மேற்பட்ட பிக்சல்கள் சேர்ந்தே வெளிச்சம் கூடும், சேர்ந்தே குறையும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் படரும். சப்டைட்டில் போட்டு இரவில் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிப்பார்கள். ஜோன் நூற்றுக்குக் கீழே இருந்தால், மினி எல்இடி என்று பெயர் இருந்தாலும் வட்டம் பெரிதாகவே இருக்கும். 55 இஞ்ச்சில் சில நூறு ஜோன்களாவது இருக்கும் மாடலைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பேனல். மினி எல்இடியில் பெரும்பாலும் விஏ பேனல்தான், பக்கவாட்டில் வெளுக்கும் குணம் இதற்கும் உண்டு. விலை உயர்ந்த மாடல்களில் கோணத்தை விரிக்கும் ஒரு படலம் சேர்க்கிறார்கள். பேக்லைட் பழுதானால் சாதா எல்இடி போல மெக்கானிக் பட்டை மாற்ற முடியாது. விளக்குகள் பெரிய போர்டுகளில் நெருக்கமாகப் பதிந்திருக்கும், போர்டாகவே கம்பெனி சர்வீஸில் மாற்ற வேண்டும். உங்கள் ஊரில் அந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

கரண்டும் கொஞ்சம் அதிகம். 100 வாட் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட். அதே நேரத்துக்கு 160 வாட் மினி எல்இடி 48 யூனிட் எடுக்கும். 18 யூனிட் பெரிய விஷயம் இல்லை. ஏசியும் ஓடும் கோடையில் தமிழ்நாட்டு மின்கணக்கு 500 யூனிட் கோட்டை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

## ஓஎல்இடி

55 இஞ்ச் ஓஎல்இடியை எல்ஜி 2013-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அணைந்த பிக்சல் முழுக் கறுப்பு. கான்ட்ராஸ்டுக்கு எண்ணே சொல்ல முடியாத நிலை. இரவுக் காட்சிகள் அதிகம் வரும் படத்தை இருட்டறையில் இதில் பார்த்தவருக்கு வேறு எதுவும் பிடிப்பது கஷ்டம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. வேகமான காட்சியில் இழுவை இல்லை, அதனால் விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு.

இதிலும் இரண்டு உண்டு. எல்ஜி தயாரிக்கும் பேனலில் வெள்ளை ஒளியை நிற வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். 2022-இல் சாம்சங் கொண்டுவந்த க்யூடி ஓஎல்இடியில் நீல ஒளியைக் குவான்டம் டாட் நிறமாக மாற்றுகிறது. நிறத்தில் பின்னது ஒரு படி மேல். ஆனால் அந்தப் பேனலில் வெளி ஒளியின் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் தாள் இல்லாததால், வெளிச்சமான அறையில் திரையின் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். விளக்கு எரியும் ஹாலுக்கு எல்ஜி வகை, இருட்டறைக்கு க்யூடி வகை என்று பிரித்துக்கொள்ளலாம்.

வெளிச்சக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. விளம்பரத்தில் சொல்லும் 1000, 1500 நிட்ஸ் எல்லாம் திரையின் சிறு பகுதி மட்டும் எரியும்போது கிடைப்பது. முழுத் திரையும் வெளிச்சமானால் சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த டிவி தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். நடுத்தர விலை மாடல்களில் அது 150 முதல் 250 நிட்ஸுக்கு இறங்கிவிடும். பகல் கிரிக்கெட்டில் மினி எல்இடியிடம் ஓஎல்இடி தோற்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது எல்லோரும் பயப்படும் தழும்பு. ஓஎல்இடி பிக்சல்கள் எரிய எரியத் தேயும். திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் லோகோ, கீழே ஓடும் சிவப்புச் செய்திப் பட்டை, ஸ்கோர் கட்டம் ஆகியவை அதே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து நிழலாகத் தெரியத் தொடங்கும். படம், தொடர் என்று கலந்து பார்க்கும் வீட்டில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தினம் ஐந்தாறு மணி நேரம் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்தத் தழும்பு வாரண்டியில் பெரும்பாலும் சேராது. விதிமுறைத் தாளில் ‘பர்ன் இன்’ அல்லது ‘இமேஜ் ரிட்டென்ஷன்’ என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் வீடுகளில் ஓஎல்இடியைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைப்பது. எல்ஜி பேனல் கொண்ட டிவிகள், மொத்தமாக நாலு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைக்கும்போது, திரை இருண்ட நிலையிலேயே சில நிமிடங்கள் பிக்சல்களை அளந்து சரிசெய்துகொள்கின்றன. சுவர் ஸ்விட்சை உடனே அணைத்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது, தேய்மானம் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டாண்ட்பையில் டிவி எடுப்பது அரை வாட். 60 நாள் முழுக்க விட்டாலும் முக்கால் யூனிட்கூட ஆகாது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் டிவியின் பிளக் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள்.

ஓஎல்இடியில் பேனல் போனால் பழுது பார்ப்பது என்ற பேச்சே இல்லை, பேனலை மாற்றுவதுதான். அதன் விலை டிவி விலையில் பாதிக்கு மேல் வரும். நீட்டித்த வாரண்டி வாங்குவது எந்த வகைக்காவது நியாயம் என்றால் அது இதற்குத்தான்.

## புரொஜெக்டர் பற்றி

நூறு இஞ்ச் ஆசைக்காக இதைக் கேட்பவர்கள் உண்டு. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது, சுவரில் இருக்கும் நிறமே அதன் கறுப்பு. பகலில் சுவரில் விழும் வெளிச்சம் படத்தைத் தின்றுவிடும். இருட்டாக்க முடிகிற தனி அறை இருந்தால் யோசிக்கலாம். ஹாலில் டிவிக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சாதா எல்இடி (ஐபிஎஸ்) | சாதா எல்இடி / க்யூஎல்இடி (விஏ) | மினி எல்இடி | ஓஎல்இடி |
|---|---|---|---|---|
| பகல் வெளிச்சத்தில் | சுமார் | சுமார் | மிக நன்று | ஜன்னல் திரை போட்டால் நன்று |
| இருட்டில் கறுப்பு | சாம்பல் | நன்று | மிக நன்று, ஒளிவட்டம் உண்டு | முழுக் கறுப்பு |
| பக்கவாட்டுப் பார்வை | நன்று | வெளுக்கும் | பெரும்பாலும் வெளுக்கும் | மிக நன்று |
| நாள் முழுக்கச் செய்திச் சேனல் | பயமில்லை | பயமில்லை | பயமில்லை | வேண்டாம் |
| பழுது | உள்ளூரில் முடியும் | உள்ளூரில் முடியும் | கம்பெனி சர்வீஸ் | பேனல் மாற்றம் |
| 55 இஞ்ச் விலை, ஏறக்குறைய | 28,000 – 45,000 | 30,000 – 65,000 | 55,000 – 1,10,000 | 1,00,000 – 1,70,000 |

விலை பண்டிகை ஆஃபரில் இறங்கும், புது மாடல் வரும்போது பழைய மாடலும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையை யாராவது காட்டி ‘தள்ளுபடி’ என்றால், ஏறக்குறைய எட்டு சதவீதம் வரிக் குறைப்பால் வந்தது என்பதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

## பில்லில் வராத செலவுகள்

திரை ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கருக்கு இடம் குறைகிறது. வசனம் புரியவில்லை என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகும் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான். பட்ஜெட்டில் ஏழெட்டாயிரமாவது சவுண்ட்பாருக்கு ஒதுக்கி வையுங்கள். ஹெச்டிஎம்ஐ ஆர்க் என்று எழுதிய துளையில் அதை இணைத்தால் டிவி ரிமோட்டே சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும்.

பெரிய டிவிகளின் பவர் சப்ளை பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் ஸ்டெபிலைசர் பல வீடுகளுக்குத் தேவைப்படாது. 240-க்கு மேல் அடிக்கடி எகிறும் லைன் என்றால் மட்டும் போடலாம். உண்மையான ஆபத்து இடி மின்னல். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ கேபிளிலிருந்தோ இறங்கும் மின்னதிர்ச்சி செட் டாப் பாக்ஸ் வழியாக ஹெச்டிஎம்ஐ துளையில் ஏறி மெயின் போர்டை எரித்துவிடும். இடி இடிக்கும்போது பிளக்கோடு நிறுத்தாமல் பாக்ஸிலிருந்து கேபிள் வயரையும் கழற்றுங்கள்.

திரையில் நேராக ஸ்பிரே அடித்துத் துடைக்காதீர்கள். திரவம் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் அங்கே பேனலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்புகள் அரித்து, திரையில் செங்குத்தாகக் கோடு விழும். அது பேனல் பழுது, திரவம் புகுந்ததற்கு வாரண்டி கிடைக்காது. மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் துணியில் மட்டும் லேசாகத் தண்ணீர், அவ்வளவே. கடலோர ஊர்களில் உப்புக் காற்று நேராகப் படும் சுவரில் டிவி மாட்டுவதையும் தவிர்ப்பது நல்லது.

## கடையில் பதினைந்து நிமிடம்

கடையில் எல்லா டிவியும் டெமோ மோடில், வெளிச்சத்தை உச்சியில் வைத்து, அதற்கென்றே எடுத்த வீடியோவில் ஓடும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு பென் டிரைவில் நாலு விஷயங்கள் எடுத்துப் போங்கள்:

- கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் படத்தின் முடிவுப் பகுதி. ஒளிவட்டமும் கறுப்பின் தரமும் இதில் தெரியும்.
- கேமரா பக்கவாட்டில் நகரும் கிரிக்கெட் காட்சி. பச்சை மைதானத்தில் அழுக்குப் பட்டைபோல நிழல்கள் கூடவே நகர்ந்தால் பேக்லைட் சீராக இல்லை.
- முழுச் சாம்பல் நிறத்தில் ஒரு படம். மூலைகள் இருண்டோ மையம் வெளுத்தோ இருந்தால் இதில் மறைக்க முடியாது.
- மனித முகம் தெளிவாக வரும் ஒரு பகல் காட்சி. முதலில் நேராகப் பாருங்கள், பிறகு உங்கள் வீட்டு ஓரச் சோபாவின் கோணத்துக்கு நகர்ந்து பாருங்கள். முகம் வெளுத்தால் விஏ.

கடைசியாக கேபிள் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். எஸ்டி படத்தை டிவி எப்படி நீட்டுகிறது என்பதில் பிராண்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. 4கே டெமோவில் அது தெரியாது. ‘120 மோஷன்’ போன்ற எண்ணைக் காட்டினால், பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது) எவ்வளவு என்று கேளுங்கள். சேனலும் படமும் மட்டும் பார்ப்பவருக்கு 60 ஹெர்ட்ஸ் பேனலே போதும். டால்பி விஷன், ஹெச்டிஆர்10 பிளஸ் இரண்டும் ஹெச்டிஆரின் வகைகள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, ஹெச்டிஆர்10 பிளஸ் உண்டு. ஓடிடியில் டால்பி விஷன் படங்களைத் தேடிப் பார்ப்பவர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு இது முக்கியமில்லை.

## யாருக்கு எது

தினம் எட்டு மணி நேரம் சேனல் ஓடும், பகல் வெளிச்சம் நிறைந்த கூட்டுக் குடும்ப ஹாலா? மினி எல்இடி. பட்ஜெட் ஐம்பதாயிரத்துக்குள் என்றால், நிறம் பற்றிக் கவலைப்படாமல் விளக்கு விளிம்பில் இல்லாமல் திரைக்கு நேர் பின்னால் உள்ள சாதா எல்இடி. ஓரத்திலும் தரையிலும் ஆள் உட்காருகிற வீடானால் அதில் ஐபிஎஸ் பேனலைத் தேடுங்கள்.

இரண்டு பேர், இருவரும் வேலைக்குப் போகிறார்கள், இரவில்தான் டிவி என்றால் ஓஎல்இடிக்குச் சேர்த்துவைத்து வாங்கலாம், அந்தப் பணம் வீண்போகாது. அவ்வளவு முடியாவிட்டால் சில நூறு ஜோன் உள்ள மினி எல்இடி வாங்கி, ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் அறுபதாயிரம், 65 இஞ்ச் சாதா எல்இடியா, 55 இஞ்ச் மினி எல்இடியா என்று தடுமாறுபவர்கள் சோபாவிலிருந்து சுவர் வரை அளந்து பாருங்கள். பத்தடிக்கு மேல் என்றால் பெரியது. எட்டடிக்குள் என்றால் மினி எல்இடி. இடைப்பட்ட தூரத்துக்குப் பகல் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யலாம்.

டிவி வீட்டுக்கு வந்ததும் வால் மவுண்டில் ஏற்றும் முன்பே, மேஜைமேல் நிறுத்தி அதே சாம்பல் படத்தையும், முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களையும் ஓடவிட்டு, செத்த பிக்சலோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை பெட்டியையும் தெர்மாக்கோலையும் தூக்கிப் போடாதீர்கள். சுவர் ஹாலோ பிளாக் என்றால் மாட்ட வரும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 55 இஞ்ச் டிவி பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், செங்கல் சுவருக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் அந்தச் சுவரில் பிடிக்காது.